நடிப்பு கத்துக்கணும், எங்கே ஆரம்பிக்கிறது?

கேள்வி, 3 பிப்ரவரி 2024

வயது 23. கரூரில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு வேலை. பள்ளி ஆண்டு விழாவில் நடித்ததோடு சரி. சினிமாவில் நடிக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. தினமும் ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று வசனம் பேசிப் பழகுகிறேன். நாடகம் பக்கம் போனால் ஓவர் ஆக்டிங் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கேமரா முன்னால் எடுபடாது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். மேடையா, நேராக கேமராவா? பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தே ஆக வேண்டுமா? கையில் பெரிய தொகை இல்லை.

3 பிப்ரவரி 2024, இரவு

தம்பி, முதலில் கண்ணாடியை விட்டு நகருங்கள். கண்ணாடி முன்னால் நிற்கும்போது இரண்டு வேலை நடக்கிறது. பேசுகிறீர்கள், பேசுவது எப்படி இருக்கிறது என்று பார்க்கவும் செய்கிறீர்கள். நாளாக ஆக அந்த இரண்டாவது வேலைதான் பழக்கமாகிவிடும். அப்புறம் எதிரில் ஒரு ஆளை நிறுத்தினாலும் கவனம் உங்கள் முகத்திலேயே இருக்கும். எங்கள் நாடகக் குழுவின் பயிற்சிக்கு வருகிறவர்களில் கண்ணாடியில் பழகியவர் யார் என்று சீக்கிரமே தெரிந்துவிடும். எதிராளி பேசி முடிக்கும் முன்பே அவருடைய புருவம் தயாராகிவிடும்.

நடிப்பில் பாதிக்கு மேல் கேட்பதுதான். எதிரில் நிற்பவர் என்ன சொல்கிறார், எதைச் சொல்லாமல் விழுங்குகிறார் என்று உண்மையாகவே கேட்டால் பதில் அதற்கேற்ற குரலில் தானாக வரும். அதற்கு எதிரில் ஒரு மனிதர் வேண்டும். வீட்டில் தனியாக உட்கார்ந்து குரலைப் பழக்கலாம், உடம்பைப் பழக்கலாம், வசனம் மனப்பாடம் செய்யலாம். நடிப்பைக் கற்க இன்னொரு ஆள் இல்லாமல் முடியாது.

மேடையா கேமராவா என்பதை நாளை எழுதுகிறேன். ஒத்திகை முடிந்து இப்போதுதான் வந்தேன், கண் சொருகுகிறது.

4 பிப்ரவரி 2024

மேடை. என் பதில் அதுதான், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

படப்பிடிப்பில் உங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கப் போவதில்லை. ஒரு நாளைக்கு ஆகும் செலவு இயக்குநரின் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கும். புது ஆளுக்கு இரண்டு ஒத்திகை, மூன்று டேக், அவ்வளவுதான். கடைசிக் காட்சியை முதல் நாள் எடுப்பார்கள். அப்பா செத்த பிறகு வரும் காட்சியைக் காலையிலும், அப்பாவோடு சண்டை போடும் காட்சியை மத்தியானமும் எடுப்பார்கள். ஒரு பாத்திரத்தை முதலிலிருந்து முடிவுவரை மனதில் சுமந்து பழகாத ஆளுக்கு அந்தத் துண்டுகளை எங்கே பொருத்துவது என்றே தெரியாது. நாடகத்தில் ஒரே காட்சியை வாரக்கணக்கில் செய்து பார்க்கிறோம். சொதப்ப இடம் இருக்கிறது. முதல் வாரம் கத்துவோம், இரண்டாம் வாரம் முணுமுணுப்போம், மூன்றாம் வாரத்தில் என்னவோ ஒன்று பிடிபடும்.

இந்த மண்ணில் நடிகர்கள் வளர்ந்த வழியே அதுதான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் பாலர் சபை தொடங்கினார். எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். சிவாஜி கணேசன் சிறுவனாக நாடகக் கம்பெனியில் சேர்ந்து பெண் வேடமும் போட்டுத்தான் 1952இல் திரைக்கு வந்தார். அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கை இன்று எந்தக் குழந்தைக்கும் வரக்கூடாது. வீட்டைப் பிரிந்து, வாத்தியாரின் அடிக்குப் பயந்து வாழ்ந்த வாழ்க்கை அது. ஆனால் அவர்களுக்கு ஒன்று கிடைத்தது. தினமும் இரவு மேடையின் ஓரத்தில் நின்று பெரியவர்கள் நடிப்பதைப் பார்த்தார்கள். அதே காட்சியில் நேற்றுச் சிரித்த கூட்டம் இன்று ஏன் சிரிக்கவில்லை என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். அப்படிப் பார்ப்பதே ஒரு பெரிய படிப்பு.

நம் காலத்துக்கு வந்தால் ந. முத்துசாமி 1977இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறையைச் சொல்லாமல் முடியாது. புரிசை கிராமத்துத் தெருக்கூத்து ஆசான் கண்ணப்பத் தம்பிரானிடமிருந்து அந்தக் கலையைக் கற்று, அதை நவீன நாடகத்துக்குள் கொண்டுவந்த இடம். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாரும் அங்கே வியர்வை சிந்தியவர்கள். உங்களுக்காகவே இன்னொன்றும் சொல்கிறேன்: விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தவர். நடிகர்கள் பயிற்சி செய்வதைத் தினமும் கிட்டத்திலிருந்து பார்த்ததுதான் தனக்குப் பாடம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

முழு நேரமாகப் படிக்க விரும்பினால் டெல்லியில் தேசிய நாடகப் பள்ளி (1959 முதல் நடக்கிறது, மூன்று ஆண்டுப் படிப்பு), புனேயில் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம், நமக்குப் பக்கத்திலேயே புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் உள்ள நிகழ்கலைப் பள்ளி. டெல்லிக்குப் போக ஏற்கனவே நாடகத்தில் நடித்த அனுபவம் கேட்பார்கள். அதற்கும் முதலில் உள்ளூரில் ஒரு குழு வேண்டும். கரூரிலிருந்து திருச்சி கொஞ்ச நேரப் பயணம்தான். கல்லூரி நாடகக் குழுக்கள், தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) கலைக் குழுக்கள், சனி ஞாயிறு பட்டறைகள் என்று விசாரித்துப் பாருங்கள். வேலையை விட வேண்டாம்.

6 பிப்ரவரி 2024

பணம் பற்றி. பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவது நியாயம். வாய்ப்புக்குக் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். "பதிவுக் கட்டணம்", "ஆர்ட்டிஸ்ட் கார்டு", "எங்கள் ஸ்டூடியோவில் எடுத்த போர்ட்ஃபோலியோ இருந்தால்தான் டைரக்டர் பார்ப்பார்" என்று எந்தப் பெயரில் வந்தாலும் அது ஏமாற்றுதான். படத்தில் நடிப்பவருக்குத்தான் சம்பளமும் பேட்டாவும் தர வேண்டும். எங்கள் குழுப் பெண் ஒருத்தி நகையை அடகு வைத்து ஒரு ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த வாரமே அவருடைய எண் அணைந்திருந்ததைப் பார்த்து அழுதுகொண்டு வந்தாள். அந்தப் பணம் திரும்பி வரவேயில்லை.

11 பிப்ரவரி 2024

"பேசும்போது கையை என்ன செய்வது?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஆரம்பத்தில் எல்லாருக்கும் வரும் கேள்வி, நல்ல கேள்வி. வீட்டில் யாருக்கும் கை பாரமாக இருப்பதில்லை. மேடை ஏறியதும் இரண்டு கையும் வேறு யாருடையதோ என்று தோன்றிவிடுகிறது. பின்னால் கட்டுகிறோம், முன்னால் கோக்கிறோம், ஒவ்வொரு சொல்லுக்கும் ஆட்டுகிறோம்.

எங்கள் பட்டறைக்குத் தி. நகரில் ஒரு புடவைக் கடையில் விற்பனை வேலை பார்க்கும் பெண் வருவார். அண்ணன் வந்து கடன் கேட்கிறான், தங்கை மறுக்க வேண்டும், அதுதான் காட்சி. அவர் கையைப் பிசைந்துகொண்டே பேசினார், கேட்கவே முடியவில்லை. "கடையில் ஆள் போன பிறகு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "பிரிச்சுப் போட்டதை மடிப்பேன் சார்" என்றார். இருந்த ஒரு பழைய திரைச்சீலையைக் கொடுத்து, இதை மடித்துக்கொண்டே அண்ணன் சொல்வதைக் கேளுங்கள் என்றேன்.

ஒரு ஓரத்தைத் தாடைக்கு அடியில் இடுக்கினார். இரண்டு கையையும் விரித்து நீவினார். பாதியாக, அதில் பாதியாக, உள்ளங்கையால் ஒரு தட்டு. கண் துணியில் இல்லை, கை தானாகப் போகிறது. அண்ணன் சுற்றி வளைத்துக் கடைசியில் "ஒரு லட்சம் இருந்தா போதும்" என்றான். கை ஓரத்திலேயே நின்றுவிட்டது. அப்புறம் மறுபடி மடிக்க ஆரம்பித்தார், இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக. முனை முனையோடு சேரவில்லை. பிரித்தார். திரும்ப மடித்தார். இன்னும் ஒரு சொல்கூடப் பேசவில்லை, ஆனால் பணம் இல்லை என்பதும், இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை என்பதும் அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவர் எதையும் திட்டமிடவில்லை. கேட்டார், கை பதில் சொன்னது.

ஆகவே கைக்கு வேலை கொடுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலையாக இருக்கட்டும். கணக்குப் பிள்ளைக்குத் தாளைப் புரட்டத் தெரியும், ரப்பர் பேண்டு போடத் தெரியும், நோட்டு எண்ணத் தெரியும். சமையலறையில் நின்றால் வெங்காயம் உரிக்கலாம். நாடக ஆசான் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி கடைசிக் காலத்தில் வந்து சேர்ந்த இடமும் ஏறக்குறைய இதுதான். உணர்ச்சியைப் பிடித்து இழுக்காதே, செய்யும் செயலைச் சரியாகச் செய், உணர்ச்சி பின்னால் வரும் என்பது அவருடைய முடிவு. ரஷ்யாவில் 1898இல் மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் உழைத்த பிறகு வந்து சேர்ந்த முடிவு அது.

12 பிப்ரவரி 2024

மேலே எழுதியதற்கு ஒரு எல்லை உண்டு. எல்லாக் காட்சியிலும் எதையாவது துடைத்துக்கொண்டே இருக்கக் கூடாது. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது, சிகரெட்டைத் தட்டுவது எல்லாம் சீக்கிரம் நடிகரின் சேட்டையாகிவிடும். அந்த ஆள் அந்த நேரத்தில் அந்த வேலையைச் செய்தே ஆக வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால் செய்யுங்கள். இல்லையென்றால் சும்மா நிற்கப் பழகுங்கள். சும்மா நிற்பதுதான் கடைசியில் வரும் பாடம்.

25 பிப்ரவரி 2024

அழுகை வரவில்லை என்று கரூர்த் தம்பி தனியாக எழுதியிருந்தார். பொதுவாகவே பதில் சொல்கிறேன், பலருக்கும் உதவும்.

முதலில் கண்ணீரை நடிப்புக்கு அளவுகோலாக வைக்காதீர்கள். கிளிசரின் போட்டுக்கொள்வதில் எந்த அவமானமும் இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கு ஏழாவது டேக்கில் கண் வற்றித்தான் போகும். அப்புறம், வாழ்க்கையில் யாரும் அழ வேண்டும் என்று முயல்வதில்லை, அழக்கூடாது என்றுதான் முயல்கிறோம். சாவு வீட்டில் வாசலில் நின்று நாற்காலி எண்ணிக்கொண்டிருக்கும் மூத்த மகனைப் பாருங்கள். பந்தல்காரரிடம் கணக்குப் பேசுகிறார், ஐஸ் பெட்டி வந்ததா என்கிறார். தூரத்து அத்தை ஒருத்தி வந்து கையைப் பிடித்ததும் உடைகிறார். நீங்கள் நடிக்க வேண்டியது அந்தக் கணக்குப் பேச்சைத்தான்.

தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியலை நடிப்புப் பயிற்சிக்கு வருகிற எல்லாரையும் படிக்கச் சொல்கிறேன். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்லிவிட்டு, அழுதால் முகம் எப்படி இருக்கும் என்று அது விவரிக்கப் போவதில்லை. எதனால் அழுகை வரும் என்று நான்கு காரணம் சொல்கிறது: "இளிவே இழவே அசைவே வறுமை". பிறர் இகழ்ந்ததால், இழந்ததால், முன்பிருந்த நிலையிலிருந்து சரிந்ததால், இல்லாமையால். நான்கும் நான்கு வெவ்வேறு அழுகை. பெற்றவளைப் பறிகொடுத்தவனும் கல்யாணப் பந்தியில் எழுப்பிவிடப்பட்டவனும் ஒரே மாதிரி அழுவதில்லை. அச்சத்துக்கும் அப்படித்தான்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய்க்குப் பயப்படும் உடம்பு வேறு, தலைக்கு மேல் அதிகாரம் உள்ளவருக்குப் பயப்படும் உடம்பு வேறு. நாய் துரத்தினால் ஓடுவோம். மேலாளர் கூப்பிட்டால் ஓட முடியாது, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு உள்ளே போவோம்.

ஆகவே வசனத்தாளில் "அழுகிறான்" என்று இருந்தால் எந்த அழுகை என்று கேளுங்கள். காரணம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு வழியும் பேசப்படுகிறது. சொந்த வாழ்க்கைத் துயரத்தை நினைவுக்குக் கொண்டுவந்து அழுவது. அமெரிக்காவில் லீ ஸ்ட்ராஸ்பெர்க் என்ற நடிப்பு ஆசிரியர் அதை வலியுறுத்தினார். அவரோடு ஒரே குழுவில் இருந்த ஸ்டெல்லா ஆட்லர் 1934இல் பாரிசில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியை நேரில் சந்தித்துப் பயின்றுவிட்டுத் திரும்பி, பாத்திரத்தின் சூழ்நிலையும் கற்பனையும்தான் முக்கியம் என்று சொன்னார். நான் ஆட்லர் பக்கம். இருபது வயதுப் பிள்ளைகளிடம் "உங்க வாழ்க்கையில நடந்த மோசமானதை நினை" என்று சொல்லிக் கதறவைத்து, அதைப் பயிற்சி என்று அழைப்பதைப் பார்த்திருக்கிறேன். அழுது முடித்த பிள்ளையை யார் வீட்டில் கொண்டுபோய் விடுவது? ஆறாத காயத்தைக் கிளறச் சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் முடியாது என்று சொல்லுங்கள். சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

9 மார்ச் 2024

பிப்ரவரியில் "மேடை" என்று ஒரே சொல்லில் முடித்ததைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். மேடைதான் முதலில் என்பதில் மாற்றமில்லை. ஆனால் கேமராவை இரண்டு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறு மாதத்திலேயே இரண்டையும் சேர்த்து நடத்தலாம். எல்லார் கையிலும் போன் இருக்கிறது.

ஓவர் ஆக்டிங் பயத்தில் கொஞ்சம் உண்மையும் உண்டு. மேடையில் கடைசி வரிசைக்கும் போய்ச் சேர வேண்டும். எழும்பூர் மியூசியம் தியேட்டரில் நின்று பேசியவர்களுக்கு அது தெரியும். கேமராவில் அந்தக் கடைசி வரிசை உங்கள் மூக்குக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதனால் அளவு மாறும். கேட்பது மாறாது, காரணம் மாறாது, செயல் மாறாது. மேடையில் வளர்ந்த நல்ல நடிகர் கேமரா முன்னால் தடுமாறுவது சில நாள்தான். கேமராவில் மட்டும் பழகியவரை மேடையில் ஏற்றினால் குரலும் வராது, உடம்பும் வராது.

திரையில் நீங்கள் எல்லாவற்றையும் காட்ட வேண்டியதில்லை, படத்தொகுப்பும் உங்களுக்காக வேலை செய்கிறது. ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் செய்த சோதனையைச் சினிமா படிக்கிற எல்லாரும் சொல்வார்கள். ஒரே நடிகரின் சலனமில்லாத முகத்தை ஒரு தட்டு சூப்போடும், சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் அடுத்தடுத்து ஒட்டினார். பார்த்தவர்கள் பசி, துக்கம், ஆசை என்று மூன்று விதமாகப் படித்து, நடிப்பைப் பாராட்டினார்களாம். முகம் ஒன்றேதான். புதியவர்களுக்கு இதில் ஒரு நிம்மதி இருக்கிறது: முகத்தை நெருக்கமாக எடுக்கும் குளோஸ் ஷாட்டில் நினைத்தாலே போதும்.

ஆனால் யாரை நினைப்பது? ஒருமுறை ஒரு படத்தில் சின்ன வேடத்தில் நடிக்கப் போனேன். எதிரில் நடித்த பெரிய நடிகரின் பகுதியை முதலில் எடுத்து அனுப்பிவிட்டார்கள். என் குளோஸ் வந்தபோது எதிரில் ஒரு லைட் ஸ்டாண்டு. அதில் நீல டேப்பால் ஒரு பெருக்கல் குறி. "அதுதான் சார் லுக்" என்றார் உதவி இயக்குநர். அவரே பின்னால் நின்று அந்த நடிகரின் வசனத்தை, பேருந்தில் ஊர் பெயர் சொல்கிற தொனியில் வாசித்தார். அந்த டேப்பைப் பார்த்து நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அன்று கை கொடுத்தது ஒத்திகைப் பழக்கம்தான். காலையில் அந்த நடிகர் தன் பகுதியில் பேசும்போது மூக்கைத் தடவிவிட்டு ஒரு சொல்லை முழுங்கினார். அந்த முழுங்கலைத்தான் டேப்பில் வைத்துக் கேட்டேன். ஒரே டேக்.

எதிராளியின் குளோஸ் எடுக்கும்போது நகர்ந்துபோய்ப் போன் பார்க்காதீர்கள். அங்கேயே நின்று, அவருக்காக முழுசாக நடித்துக்கொடுங்கள். அப்போது கேட்பதைத்தான் உங்கள் முறை வரும்போது எடுத்துச் செலவழிப்பீர்கள்.

10 மார்ச் 2024

படப்பிடிப்பு வேலை முறை பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக.

ஷாட் எடுக்கும் முன் கேமரா உதவியாளரிடம் "ஃபிரேம் எதுவரை?" என்று மரியாதையாகக் கேளுங்கள். இடுப்புவரை என்றால் கை தெரியும், கழுத்துவரை என்றால் கண் மட்டும்தான். மாஸ்டர் ஷாட்டில் (முழுக் காட்சியையும் அகலமாக எடுப்பது) எந்தச் சொல்லில் டம்ளரைத் தூக்கினீர்களோ, குளோஸிலும் அதே சொல்லில் அதே கையால் தூக்க வேண்டும். தரையில் ஒட்டிய மார்க்கைக் குனிந்து பார்க்காமல் வந்து நிற்க, ஒத்திகையில் பின்னோக்கி அடி எண்ணிக்கொள்ளுங்கள். லென்ஸைப் பார்க்கக் கூடாது, ஆனால் எதிராளி லென்ஸுக்கு எவ்வளவு ஒட்டி நிற்கிறாரோ அவ்வளவுக்கு உங்கள் முகம் முழுசாகத் தெரியும். மாஸ்டரிலேயே முழு சக்தியையும் கொட்டித் தீர்த்துவிடாதீர்கள், குளோஸ் பின்னால் வருகிறது.

பிராம்ப்டிங் பழக்கம் நம் சினிமாவில் இன்னும் இருக்கிறது. பின்னால் டப்பிங் செய்கிற படங்களில் உதவி இயக்குநர் வரி வரியாக எடுத்துக் கொடுப்பார். அது கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்யும் லைவ் சவுண்டு படங்களில் யாரும் மூச்சுக்கூட விடக் கூடாது. அதைவிட முக்கியம், எடுத்துக் கொடுக்கும் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தால் எதிரில் நிற்பவரை எப்போது கேட்பது?

2 ஏப்ரல் 2024

கேட்பது, கேட்பது என்று எல்லாப் பதிவிலும் எழுதுகிறீர்களே, அதற்குப் பயிற்சி என்ன என்று ஒருவர் சரியாகவே கேட்டார்.

மைஸ்னர் என்ற அமெரிக்க ஆசிரியரின் பயிற்சி ஒன்று எளிது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் மற்றவரிடம் கண்ணில் படுவதைச் சொல்வது: "நீ சிரிக்கிறாய்." மற்றவர் "நான் சிரிக்கிறேன்" என்று திருப்பிச் சொல்வது. அதையே மாறி மாறி. சொற்கள் மாறாது. சில நிமிடங்களில் தொனி தானாக மாறும், கோபம் வரும், கிண்டல் வரும், வெட்கம் வரும். யாரும் நடிக்கவில்லை, ஆனால் நடக்கிறது. தமிழில் "வாங்க" என்ற ஒரே சொல்லை வைத்தும் செய்து பார்த்தோம், அருமையாக வந்தது.

கிராமங்களில் வீதி நாடகம் போட்ட காலத்தில் ஒரு சம்பவம். வரி வசூலிக்க வரும் அதிகாரியாக எங்கள் நண்பர் நடித்துக்கொண்டிருந்தார். உழவனிடம் "என்ன இருக்கு உன்கிட்ட?" என்று அதட்டுகிற இடத்தில் ஒரு வெள்ளாடு நிதானமாக வட்டத்துக்குள் வந்து நின்றது. கூட்டம் சிரிக்கிறது. வேறு ஆளாக இருந்தால் விரட்டியிருப்பார். இவர் ஆட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்தார், குனிந்து பல்லைப் பார்த்தார், "இதை எழுதிக்கோ" என்றார் குமாஸ்தாவிடம். உழவனாக நடித்தவர் உடனே ஆட்டின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அடுத்த நொடி கூட்டத்திலிருந்து ஒரு ஆயா எழுந்து வந்து, "அது என் ஆடு, அவங்களுது இல்ல, விடுங்க சாமி" என்று அதிகாரியிடம் நிஜமாகவே கெஞ்ச ஆரம்பித்துவிட்டார். எங்கள் நண்பர் ஒரு கணம் திகைத்தார். அதிகாரியாகவே நின்று, "சரி, ஓட்டிட்டுப் போ" என்றார். அந்த ஊரில் எங்களுக்குக் கிடைத்த கைதட்டல் முழுக்க அந்த ஆயாவுக்கு உரியது.

21 ஏப்ரல் 2024

வசன மனப்பாடம். தொனி போடாமல், சமையல் குறிப்பு வாசிக்கிற மாதிரி மட்டமாகப் படித்து மனப்பாடம் செய்யுங்கள். வீட்டிலேயே ஏற்ற இறக்கத்தோடு படித்தால் அந்த ராகம் உறைந்துவிடும், எதிராளி வேறு மாதிரி பேசினாலும் உங்கள் ராகம் மாறாது. எதிராளியின் வரிகளையும் சேர்த்தே படியுங்கள். பாத்திரம் கழுவிக்கொண்டோ துணி காயப்போட்டுக்கொண்டோ சொல்லிப் பாருங்கள். கை வேலையில் இருக்கும்போதும் வரி தடங்கலில்லாமல் வந்தால் உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள்.

குரலுக்குத் தெருக்கூத்துக்காரர்களைப் பாருங்கள். திரைக்குப் பின்னால் இருந்து பாடிக்கொண்டே பிரவேசம், விடிய விடியப் பாட்டு, அடவு, வசனம். தொண்டையால் கத்தினால் முதல் இரவிலேயே குரல் போய்விடும், அடிவயிற்றிலிருந்து வரும் மூச்சுதான் அவர்களைத் தாங்குகிறது. வாய்ப்பு கிடைத்தால் புரிசைக்குப் போய் ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். தொடக்கத்துக்கு, விளையாட்டு மைதானத்தின் இரண்டு முனையில் இரண்டு பேர் நின்று, கத்தாமல் ஒருவருக்கொருவர் புரியும்படி பேசிப் பழகலாம். ழகரமும் ளகரமும் தெளிவாக வரட்டும். ஆனால் உங்கள் ஊர்ப் பேச்சைத் தொலைத்துவிடாதீர்கள். கரூர்க்காரர் கரூர்த் தமிழைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அதைப் பேச ஆள் தேடி ஒரு நாள் யாராவது வருவார்கள்.

19 மே 2024

44 வயது, இரண்டு பிள்ளைகள், கணவருக்குச் சம்மதம், இனிமேல் கற்க முடியுமா என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.

தாராளமாக முடியும். கதாநாயகியாக வர முப்பது பேர் வரிசையில் நிற்கும் இடத்தில், வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணாக, தலைமை ஆசிரியையாக, சம்பந்தியம்மாவாக நடிக்கத் தெரிந்த புதிய முகத்துக்குப் பஞ்சம். குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் அம்மா வேடத்துக்கு ஆள் கிடைக்காமல் தங்கள் சொந்த அம்மாவையே நிறுத்துகிறார்கள். உங்களுக்கு வாழ்ந்த உடம்பு இருக்கிறது. ரேஷன் கடை வரிசையில் நின்றிருக்கிறீர்கள், ஆஸ்பத்திரியில் இரவு விழித்திருக்கிறீர்கள். இருபது வயதுப் பெண்ணுக்கு நான் அதை எந்தப் பயிற்சியாலும் கொடுக்க முடியாது.

பெண்கள் எல்லாருக்குமே ஒன்று. ஆடிஷன் பகலில், அலுவலகத்தில், குறைந்தது இன்னொரு பெண்ணாவது இருக்கும் இடத்தில் நடக்கட்டும். ஓட்டல் அறைக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள். கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போவது உங்கள் உரிமை, அதற்கு முகம் சுளிப்பவரோடு வேலை செய்ய வேண்டியதில்லை. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டம் நாடக ஒத்திகை அறைக்கும் படப்பிடிப்புக்கும் பொருந்தும். குழுவில் சேரும்போதே புகார் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கேள்வியை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதிலேயே அந்தக் குழு பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

16 ஜூன் 2024

ஊரிலிருந்தே ஆடிஷன் வீடியோ அனுப்புவது பற்றி நான்கைந்து பேர் கேட்டுவிட்டீர்கள்.

போனைக் குறுக்காக, உங்கள் கண் உயரத்தில் வையுங்கள். புத்தக அடுக்கு போதும், ஸ்டாண்டு வாங்க வேண்டாம். ஜன்னல் உங்களுக்கு எதிரில் இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். பின்னால் வெறும் சுவர். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், அதன் சத்தம்தான் பாதி வீடியோக்களைக் கெடுக்கிறது. மார்பு அளவு ஃபிரேம். எதிராளியின் வரியைச் சொல்ல வீட்டில் யாரையாவது போனுக்கு ஒட்டி உட்காரச் சொல்லுங்கள். தங்கை, பக்கத்து வீட்டு அண்ணன், யாரானாலும் சரி. அவர் குரல் உங்களுடையதை அமுக்காமல் மெதுவாக இருக்கட்டும். பதிவு செய்த குரலை ஓடவிட்டுப் பதில் சொல்லாதீர்கள், அது உங்களைக் கேட்காது.

அறிமுகம் தனி வீடியோ: பெயர், ஊர், உயரம், தெரிந்த மொழிகள், இடமும் வலமும் ஒரு திருப்பம். நடிப்பு இன்னொரு வீடியோ. அதே காட்சியை இரண்டு விதமாகச் செய்து அனுப்பினால் நல்லது. இசை, ஃபில்டர், எழுத்து எதுவும் சேர்க்காதீர்கள். புகழ்பெற்ற படக் காட்சிகளைச் செய்யாதீர்கள், பார்ப்பவர் மனதில் அந்த நடிகர் வந்து நின்றுவிடுவார். உங்கள் தெருவில் காதில் விழுந்த ஒரு பேச்சை எழுதி, அதைச் செய்யுங்கள். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வாட்ஸ்ஆப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் இறங்கும், டாகுமென்ட்டாக அனுப்புங்கள். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் ஊரும் இருக்கட்டும்.